படங்கள்: காவேரி

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் ஒரே வீட்டிலிருந்து காலையில் இரண்டு பெண்கள் வேலைக்குக் கிளம்புவார்கள். அங்காளம்மாள் மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சாஸ்திரி நகர்ப் பக்கம் நடந்தே போவாள். கூடையோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் விசில் ஊதி இறக்கிவிட்டுவிடுவார். அவளுடைய மகள் காவேரி பெசன்ட் நகரில் பஸ் ஏறி மயிலாப்பூர் குளத்தருகே இறங்குவாள். காவேரியின் கணவன் கோபால் கடலுக்குப் போகிறவன். மகள் ஜானு அப்போது கைக்குழந்தை இல்லை, பள்ளிக்கூடம் போகும் வயதும் வரவில்லை.

காவேரி பன்னிரண்டாவது முடித்து, அடையாறில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, தொண்ணூற்று மூன்றில், கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கங்களை அமைத்துக் கொடுக்கும் ஸ்ரீவத்சனின் டிடிபி சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். தெற்கு மாட வீதியிலிருந்து பிரியும் சந்தில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே மாடி. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு ஸ்கேனர். மெஷின்களுக்காக ஏ.சி. போட்டிருந்ததால் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கல்யாணப் பத்திரிகை, சபா நிகழ்ச்சி நிரல், கும்பாபிஷேக மலர் என்று வேலை வந்தபடி இருக்கும்.

தட்டச்சு செய்யத்தான் அவளை எடுத்தார்கள். ஆனால் சீக்கிரத்திலேயே அந்தக் கடையில் அவள் இல்லாமல் ஆகாது என்ற நிலை வந்துவிட்டது. அந்தக் காலத்தில் தமிழில் அமைத்த ஒரு பக்கத்தை ஒரு கோப்பிலிருந்து எடுத்து இன்னொரு கோப்பில் வைப்பது சாதாரணக் காரியமில்லை. படம் ஒரு பக்கம் போகும், எழுத்து ஒரு பக்கம் போகும். கொம்பு முன்னால் நிற்க வேண்டியது பின்னால் நிற்கும். சில சமயம் மொத்தப் பத்தியும் ஆங்கில எழுத்துகளும் கேள்விக்குறிகளுமாகச் சிதறி விழும். காவேரி பொறுமையாக ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பிரித்து, சேர்த்துக் கட்டி, எடுத்துக்கொண்டு போய் வைப்பாள். அவள் நகர்த்திய பக்கம் நகர்த்தியதாகவே தெரியாது.

படம் போடத் தொடங்கியது ஒரு நாதஸ்வரத்தால். கல்யாணப் பத்திரிகையில் அச்சிட நாதஸ்வரப் படம் வேண்டும் என்று பெண் வீட்டார் கேட்டார்கள். கடையில் இருந்த பட ஃப்ளாப்பிகளில் டிரம்பெட்டும் ஒயின் பாட்டிலும்தான் இருந்தன. "நான் வேணா போட்டுப் பாக்கட்டா சார்?" என்று கேட்டுவிட்டு, காவேரி படம் வரையும் கோரல்டிராவைத் திறந்து மவுஸால் கோடு இழுத்து, வளைத்து, ஒரு நாதஸ்வரம் போட்டாள். சாயங்காலம் அதைப் பார்த்த பெண்ணின் அப்பா, தவில் ஒன்றும் போட முடியுமா என்று கேட்டார்.

அப்துல் கய்யூம் அங்கேதான் அவளுக்குப் பழக்கம். வாரப் பத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் பேனாவால் படம் வரைகிறவர். ஐம்பதை நெருங்கிய வயது. மீர்சாகிப்பேட்டையில் வீடு. வரைந்த படங்களை ஸ்கேன் செய்ய ஸ்ரீவத்சனிடம் வருவார்; மலர்களுக்குப் படம் போடும் வேலையும் அவ்வப்போது அவரிடமிருந்து கிடைக்கும். அவருடைய விரல் நகங்களின் ஓரத்தில் எப்போதும் கறுப்பு மசி ஒட்டியிருக்கும். ஒருநாள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்த யாரும்மா போட்டது?"

"நான்தான் பாய்."

"மவுஸப் புடிச்சிகினு இந்த வளைவு போட்டியா? எனக்குப் பேனாவுலயே இது மாதிரி விழாதும்மா." அவர் சும்மா புகழ்கிறவர் இல்லை. அவள் முகம் சூடாகிவிட்டது. "உன் பேர ஒரு மூலைல போடு. சின்னதா. படம்னு இருந்தா பேரு இருக்கணும்."

"கல்யாணப் பத்திரிகைல யாரு பாய் என் பேரப் போட வுடுவாங்க?"

"பத்திரிகைல வேணாம். புத்தகம் கித்தகம் வரும்ல, அப்போ கேளு."

புத்தகமும் வந்தது. மழலையர் வகுப்புக்கு ஒரு தமிழ் அரிச்சுவடி. ஒரு பதிப்பகத்தார் படத்தோடு மாதிரி கேட்கிறார்கள், பிடித்தால் பல பள்ளிகளில் பாடமாக வைப்பார்கள் என்று ஸ்ரீவத்சன் சொன்னார். "எல்லாத்தையும் நீயே போட்டுடு காவேரி. வெளில ஆர்ட்டிஸ்ட் வெச்சுண்டா கட்டுப்படியாகாது" என்றார். அவள் அந்த மழைக்காலம் முழுவதும் அதில்தான் இருந்தாள். அணில், ஆடு, இலை என்று எல்லோரும் போடுவதைத்தான் போட வேண்டும். ஆனால் அவளுடைய ஆடு குப்பத்தில் சுவரொட்டி தின்னும் ஆடு. ஓடத்துக்குக் கரையில் ஏற்றி வைத்த படகைப் போட்டாள். மீனுக்கு ஒரு சங்கரா மீன், வால் துடிப்போடு. கூடைக்கு அவள் அதிகம் யோசிக்கவில்லை. தலையில் கூடை, ஒரு கை இடுப்பில், புடவையைத் தூக்கிச் செருகிய ஒரு பெண், கறுப்பாக, சிரித்த வாயில் வெற்றிலைச் சிவப்போடு. கூடை விளிம்பில் நான்கைந்து மீன் தலைகள் எட்டிப் பார்த்தன. அங்காளம்மாள்தான் அது.

படங்களை முடித்துப் பக்கங்களில் அமைத்துக் கொடுத்தாள். "புத்தகத்துல 'படங்கள்'னு என் பேரு போடுவீங்களா சார்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். "முதல்ல அவா ஓகே பண்ணட்டும். அப்பறம் பாப்போம்" என்றார் ஸ்ரீவத்சன். சில மாதங்கள் கழித்துக் கேட்டபோது, பதிப்பகத்தார் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்றார். அவள் நம்பினாள்.

இடையில் ஹம்சினி வந்தாள். ஸ்ரீவத்சனின் அக்கா பெண். கலைக் கல்லூரியில் படித்துவிட்டு, கம்ப்யூட்டரில் பழக வேண்டும் என்று மாமாவின் கடைக்கு வந்துபோனாள். நல்ல பெண். தன் டிபன் டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதத்தைப் பகிர்ந்து கொடுத்தாள். ஒரு கோப்பில் இருப்பதை எழுத்து உடையாமல் இன்னொரு கோப்புக்கு எப்படி எடுத்துப்போவது என்று கேட்டாள். காவேரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். எதை முதலில் பிரிக்க வேண்டும், எதை ஒன்றாகக் கட்ட வேண்டும், கட்டிய படத்தை அவிழ்த்தால் எந்தக் கோடும் தனியே கையில் வரும், வேண்டாததை அழிக்கலாம், நிறம் மாற்றலாம் என்றெல்லாம் காட்டினாள். பயிற்சிக்கு அரிச்சுவடிக் கோப்பையே திறந்து வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஜூனில் ஜானுவை எல்.கே.ஜி.யில் சேர்த்தார்கள். பள்ளியில் கொடுத்த புத்தகப் பையைத் தரையில் கொட்டி ஒவ்வொன்றுக்கும் அட்டை போட உட்கார்ந்தபோது, காவேரியின் கைக்கு அந்த அரிச்சுவடி வந்தது. பளபளப்பான அட்டையில் அவளுடைய அணில்.

சந்தோஷத்தில் முதலில் கத்தியேவிட்டாள். கோபால் வெளியிலிருந்து எட்டிப் பார்த்தான். அவள் பக்கங்களைப் புரட்டினாள். ஆடு இருந்தது, ஆனால் சுவரொட்டிக்குப் பதில் வாயில் புல். ஓடம் இருந்தது. மீன் இல்லை. அந்த இடத்தில் 'மீசை' என்று ஒரு முகம். கூடைப் பக்கத்தில் அதே பெண், அதே இடுப்புக் கை, அதே சிரிப்பு. உடம்பின் நிறம் மட்டும் வெளிர் ரோஜா. புடவை கணுக்கால் வரை இறக்கப்பட்டிருந்தது. வெற்றிலைச் சிவப்பைத் துடைத்திருந்தார்கள். கூடை நிறைய மல்லிகைப் பூ.

முதல் பக்கத்துக்குப் போனாள். 'படங்கள்: ஹம்சினி' என்று இருந்தது.

அங்காளம்மாள் கூடையைக் கழுவிவிட்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் குந்தினாள். "இன்னாமே, மூஞ்சிய இப்டி வெச்சிகினுகீற?"

காவேரி படத்தைக் காட்டினாள். "யாருன்னு தெரியுதாம்மா?"

கிழவி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "யாரு? பூக்காரியா? ஐயமாரு ஊட்டுப் பொண்ணு மேரி கீறா. பூ விக்கிறாளா, பாவம்."

காவேரி புத்தகத்தை மூடினாள். கோபாலிடம் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "பேரு இல்லாங்காட்டி இன்னா? சம்பளம் ஒழுங்கா வருதுல்ல? பெரிய எடத்துல போய் வாயக் குடுக்காத" என்றான்.

கய்யூமிடம் சொன்னபோது அவர் அப்படிச் சொல்லவில்லை. கச்சேரி ரோடு டீக்கடை வாசலில் நின்று புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தார். டீ ஆறிப்போனது. "கெளம்பு. நானும் வர்றேன்" என்றார்.

"நீங்க எதுக்கு பாய்? உங்களுக்கு அங்க வேல நடக்குது."

"வா சொல்றேன்."

ஸ்ரீவத்சன் மேஜையில் பஞ்சாங்கப் பக்கத்துக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். காவேரி புத்தகத்தை அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"வந்துடுத்தா? நானே சொல்லணும்னு இருந்தேன்."

"படம் நான் போட்டது சார்."

"இல்லேன்னு யார் சொன்னா? ஆனா ஹம்சினி நிறைய மாத்தியிருக்கா. கலர், கம்போசிஷன் எல்லாம். பதிப்பகத்துல டிகிரி இருக்கற ஆர்ட்டிஸ்ட் பேரு வேணும்னுட்டா. ஸ்கூல்ல நம்பிக்கை வரணுமோல்லியோ?"

"மீனு மட்டும் எடுத்துட்டீங்க."

"அது... ஸ்கூல் நடத்தறவா மீன் வேண்டாம்னுட்டா. குழந்தைகள் புஸ்தகம்."

"என் பொண்ணும் குழந்ததான் சார். அவ தெனமும் மீனுதான் துண்றா."

கய்யூம் அப்போதுதான் வாயைத் திறந்தார். "சார், படம் போட்டவங்க பேரு கேக்குறது தப்பா? அடுத்த பதிப்புல ரெண்டு பேரையும் போடுங்க. அதுக்கு இன்னா கொறஞ்சிடும்?"

"கய்யூம், இதுல நீங்க எதுக்கு வரேள்? இவ மாசச் சம்பளத்துக்கு வேலை பாக்கறா. மெஷின் என்னோடது, கரண்ட் என்னோடது, நேரம் என்னோடது. வீடு கட்டின மேஸ்திரி பேரையா வாசல்ல எழுதி வெப்பா?"

"வாசல்ல வேற மேஸ்திரி பேர எழுதிக்கீறீங்களே, அத்தச் சொல்றேன்."

ஸ்ரீவத்சன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "உங்க படங்களை இனிமே வேற எங்கயாவது ஸ்கேன் பண்ணிக்கோங்கோ. நான் குடுக்கற வேலையும் இனிமே வேண்டாம். காவேரி, நீ இரு. உன் வேலைல ஒரு குத்தமும் இல்லை."

இதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது. தன் வேலையில் ஒரு குற்றமும் இல்லை. தனக்காகப் பேச வந்தவருக்கு வேலை போய்விட்டது. அவள் மேலும் சில நாட்கள் அங்கே போனாள். ஸ்ரீவத்சன் சாப்பிடப் போன ஒரு மத்தியானம், தன் பழைய அரிச்சுவடிக் கோப்பைத் திறந்தாள். மீன் கூடையோடு கறுப்பு அங்காளம்மாள் அப்படியே இருந்தாள். எல்லாவற்றையும் ஃப்ளாப்பிகளில் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மெஷினில் இருந்ததை அழித்துவிடலாமா என்று கை பரபரத்தது. அழிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் மயிலாப்பூரில் இறங்கவில்லை.

தி.நகரில் உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் தங்கவேலின் கடை பெரியது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நாட்காட்டி, டைரி, துணிக்கடைப் பைகள் எல்லாம் அங்கே வடிவமைத்து சிவகாசிக்குப் போகும். அங்கே செருப்போடு உள்ளே போகலாம். தங்கவேல் அவள் நகர்த்திக் காட்டிய ஒரு பக்கத்தைப் பார்த்த உடனே வேலைக்கு எடுத்துக்கொண்டார். அவள் முதலில் செய்த காரியம், கய்யூமைக் கூட்டிக்கொண்டு வந்து அவரிடம் அறிமுகப்படுத்தியதுதான்.

"இவர் போடற கோடு மாதிரி மெட்ராஸ்ல யாரும் போட மாட்டாங்க சார்" என்றாள்.

தங்கவேலுக்கு அவர் படங்கள் பிடித்துப்போயின. ஒரு பட்டுப் புடவைக் கடையின் நாட்காட்டிக்கு மாதத்துக்கொன்றாகச் சென்னைக் காட்சிகளைப் போடச் சொன்னார். கய்யூம் அடுத்த கோடை முழுக்க அலைந்து வரைந்தார். கபாலி கோயில் குளத்தின் படிகள், தேர் திரும்பும் மாட வீதி முனை, பாண்டி பஜார் நடைபாதை, அடையாறு முகத்துவாரத்தில் வலை வீசுகிறவர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் சாய்வாக 'கய்யூம்' என்று கையெழுத்து. நாட்காட்டி வந்தபோது அவர் ஒரு பிரதியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஒல்காட் குப்பத்துக்கே வந்து காவேரியின் வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டினார்.

"உன்னால வந்ததும்மா இது" என்றார். அங்காளம்மாள் அவருக்கு வஞ்சிரம் வறுத்துப் போட்டாள்.

காவேரியின் ஃப்ளாப்பிகள் அந்த வருடம் முழுவதும் அவள் பையிலேயே கிடந்தன. ஒருநாள் துணிந்து தங்கவேலிடம் காட்டினாள். அவர் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். கூடைக்காரியைப் பார்த்ததும் சிரித்தார்.

"எங்க ஊர்ல எங்க தெருவுக்கு வார மீன்காரி இப்படியேதான் இருப்பா. இதை நாம புத்தகமாப் போடுவோம். நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடங்கள்ல எனக்கு ஆள் இருக்கு."

"மயிலாப்பூர்ல வந்து கேட்டா?"

"அவுக எப்படிக் கேப்பாக? அவுக புத்தகத்துல மீனே கெடையாதுல்லா. வந்தா நான் பாத்துக்கிடுதேன்."

"என் பேரு?"

"உன் பேருதான். 'படங்கள்: காவேரி.' அட்டையிலயே போட்டுருவோம்."

அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள்.

பக்கங்களைப் புதுக் கோப்பில் அமைத்து முடித்தாள். அச்சுக்கு ஃபிலிம் எடுக்க அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அப்போது தங்கவேல் அவளைக் கூப்பிட்டார். மேஜையில் கய்யூமின் நாட்காட்டி விரிந்து கிடந்தது.

"ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிக்காரங்க டைரி கேக்காங்க. இந்தப் படங்களைப் பாத்து அப்படியே விழுந்துட்டாங்க. ஸ்கேன் பண்ணினது நம்ம மெஷின்ல இருக்குல்லா? டைரி சைஸுக்குப் புதுசா ஒரு ஃபைல் போட்டு எல்லாத்தையும் அதுல மாத்திரு. கீழ இருக்க கையெழுத்தை மட்டும் எடுத்துரு. டைரில அவங்க பேரு தவிர வேற பேரு இருக்கக் கூடாதுங்காங்க."

"பாய்கிட்ட கேட்டீங்களா சார்?"

"கேட்டா கையெழுத்தை எடுக்க விடுவாரா?"

அவள் அங்கேயே நின்றாள். தங்கவேல் கோபப்படவில்லை. அவர் குரலை உயர்த்திப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"இங்க பாரு காவேரி. உன் புத்தகமும் இந்த டைரியும் சிவகாசிக்கு அச்சுக்கு ஒரே வண்டியிலதான் போகணும். டைரி இல்லைன்னா புத்தகத்துக்குத் தனியா வண்டி விட எனக்கு வழியில்லை. அடுத்த வருசம் பாத்துக்கலாம்னாலும் சரி. நீயே சொல்லு."

அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்து கோப்பைத் திறந்தாள்.

சில படங்களில் கையெழுத்து வெறும் வெள்ளைப் பரப்பில் இருந்தது. ஒரு துடைப்பில் போய்விட்டது. பாண்டி பஜார் நடைபாதையில் அருகில் வரைந்திருந்த கல்லை எடுத்து அதன்மேல் மூடினாள். முகத்துவாரத்தில் அலைகளை நகலெடுத்து வைத்தாள். குளத்துப் படிகள்தான் கஷ்டப்படுத்தின. கையெழுத்து இரண்டு படிகளின் விளிம்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருந்தது. அதை எடுத்தால் படிகளும் உடைந்தன. திரையில் பெரிதாக்கி, பெரிதாக்கி, எழுத்துகள் வெறும் கறுப்புச் சதுரங்களாகும் வரை போனாள். பிறகு மவுஸைப் பிடித்து, கய்யூமின் கை எப்படி நடுங்கி எங்கே அழுத்தும் என்று பார்த்துப் பார்த்து, அவருடைய கோட்டையே தன் கையால் போட்டாள். படிகள் சேர்ந்தன. சிறிதாக்கிப் பார்த்தாள். அங்கே ஒரு பெயர் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அந்த நொடி அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கஷ்டமான வேலையை நன்றாக முடித்த சந்தோஷம். பின்னாட்களில் அவள் மறக்க முடியாமல் தவித்தது கையெழுத்தை அழித்ததைக்கூட இல்லை, அந்தச் சந்தோஷத்தைத்தான்.

டைரி புத்தாண்டுக்கு வந்தது. பொங்கல் கழிந்து ஒரு காலையில் கய்யூம் கடைக்கு வந்தார். கையில் அந்த டைரி. யாரோ பாங்கில் கொடுத்தார்களாம். தங்கவேல் சிவகாசி போயிருந்தார். அவர் இருந்திருந்தாலும் கய்யூம் அவரிடம் போயிருக்க மாட்டார். நேராக காவேரியின் மேஜைக்கு வந்து, குளத்துப் படிப் பக்கத்தைத் திறந்து வைத்தார்.

"இன்னாம்மா இது?"

"எனக்குத் தெரியாது பாய். எப்படியோ... பிரஸ்ல ஏதோ..."

அவர் கையெழுத்து இருந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினார். மசி படிந்த நகம் படியின் விளிம்போடு நகர்ந்தது.

"வேற யாராச்சும் எடுத்திருந்தா இங்க ஒரு கறை இருந்திருக்கும். கோடு ஒடஞ்சிருக்கும். இவ்ளோ சுத்தமா எடுக்க உன்னாலதான் முடியும்."

அவள் குனிந்துகொண்டாள். பக்கத்து மேஜையில் வேலை பார்த்தவர்கள் கேட்காத மாதிரி தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்னக் கேட்டிருந்தா நானே எடுத்துக்கோன்னு சொல்லியிருப்பேனோ என்னவோ. உனக்குக் கஷ்டம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா." டைரியை மூடி அங்கேயே வைத்தார். "சரி, வர்றேன்."

அவர் படியிறங்கும் சத்தம் நின்ற பிறகும் அவள் எழுந்து போகவில்லை. எழுந்து போயிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. டைரியை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் தள்ளினாள்.

அரிச்சுவடியும் வந்தது. சொன்ன வார்த்தையைத் தங்கவேல் காப்பாற்றினார். அட்டையிலேயே 'படங்கள்: காவேரி.' அவள் பிரதிகளை வீட்டுக்கு எடுத்துப் போனாள். ஜானு கூடைப் பக்கத்தைத் திறந்ததும், "ஆயா! நம்ம ஆயா!" என்று கூவினாள். அங்காளம்மாள் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அட, நானா இது? மூஞ்சி கொஞ்சம் உப்பிகீது. ஆனா நான்தான்." மீன் தலைகளை விரலால் எண்ணினாள். "இது சங்கரா. இது பாற. கரீட்டா போட்டுகீறியே." சாஸ்திரி நகரில் தான் மீன் கொடுக்கும் வீடுகளுக்கெல்லாம் காட்ட வேண்டும் என்று ஒரு பிரதியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கூடையில் வைத்துக்கொண்டாள். சுவரில் கய்யூம் மாட்டிய நாட்காட்டி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. வருடம் முடிந்துவிட்டது, கழற்று என்று காவேரி சொன்னாள். படம் நன்றாக இருக்கிறது, இருக்கட்டும் என்றாள் அம்மா.

"பாய்க்கு ஒண்ணு குடுத்தியா? அவரு ஆசப்பட்டாருல்ல."

"குடுக்கிறேம்மா."

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காவேரி புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு மீர்சாகிப்பேட்டைக்குப் போனாள். மார்க்கெட்டுக்குப் பின்னால் சந்து. கய்யூமின் மனைவி அமீனா பீ கதவைத் திறந்தாள். காவேரியை அவள் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தாள். ஆனாலும் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"வாம்மா, வா. எத்தினி நாளாச்சு. ஒன்னப் பத்தி இவரு எப்பவும் சொல்லிக்கினே இருப்பாரு. இப்போதான் கொஞ்ச நாளா பேச்சே கொறஞ்சிபோச்சு. ஒடம்புக்கு முடியலியான்னு கேட்டா அதும் இல்லன்றாரு."

காவேரிக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் வீட்டில் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ஜன்னலோரம் அவர் வரையும் பலகை சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் துவைத்த துணிகள் மடித்துக் கிடந்தன. "வரையறது இல்லியா?" என்று கேட்டாள்.

"இப்போ மச்சான் கடைல ஒக்காந்துக்கீறாரு. டயர் கட. கண்ணு வலிக்குதாம்." அமீனா பீ டீயை ஆற்றிக் கொடுத்தாள். "ஆமா, ஒன் புஸ்தகம் வருதுன்னு போன வருசமே சொன்னாரே. வந்துச்சா? கொண்டாந்துக்கீறியா?"

"இல்லக்கா" என்றாள் காவேரி. "இன்னும் வரல." மடியிலிருந்த பையின் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

கய்யூம் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியபோதே அவளைப் பார்த்துவிட்டார். முகத்தில் எதுவும் மாறவில்லை.

"வாங்க" என்றார். "எப்போ வந்தீங்க? வீட்ல எல்லாரும் சௌக்கியமா? அம்மாவ விசாரிச்சேன்னு சொல்லுங்க."

அமீனா பீ கணவனைத் திரும்பிப் பார்த்தாள். நேற்றுவரை நீ வா போ என்றவளை இவர் ஏன் வாங்க போங்க என்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. கய்யூம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். தண்ணீர் லாரி வராததைப் பற்றிப் பேசினார். ஜானு எந்த வகுப்பு என்று கேட்டார். ஒரு கேள்வியிலும் குத்தல் இல்லை.

"பாய், நான்..." என்று காவேரி தொடங்கினாள்.

"நேரமாகுதுங்க. ஞாயித்துக்கெழம பஸ் கம்மி. மார்க்கெட் வரைக்கும் வர்றேன், கெளம்புங்க."

பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். பஸ் வந்ததும் கூட்டத்தை விலக்கி அவளுக்கு வழிவிட்டார். "பாத்துப் போங்க" என்றார். அவள் ஏறித் திரும்புவதற்குள் சந்துக்குள் போய்விட்டிருந்தார்.

அம்மாவிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

தங்கவேலிடம் அவள் தொடர்ந்து வேலை பார்த்தாள். விட்டுவிட்டு வேறு எங்கே போவது? எங்கே போனாலும் அதே மெஷின், அதே வேலை. அடுத்த வருட நாட்காட்டிக்குப் படம் போட கும்பகோணத்திலிருந்து புதிதாக ஒருவர் வந்தார். படத்தின் அடியில் எதுவும் எழுதக் கூடாது என்று தங்கவேல் முதலிலேயே சொல்லிவிட்டார். அவரும் தலையாட்டினார். அழிக்க எதுவும் இல்லாததால் காவேரியின் வேலை சீக்கிரம் முடிந்தது.